நடக்கும் காலுக்கே ரத்தம்

ஜனவரி 6, திங்கள்

அண்ணனுக்கு இன்று காலில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கையில் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணுக்காலில் பட்டை சுற்றி, ஜெல் தடவி, டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் ஓசையைக் கேட்டு அளப்பதை அவர் இதுவரை கண்டதில்லை. கையில் 150, இடது கணுக்காலில் 105. கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுத்தால் 0.7. தமனி நன்றாக இருப்பவருக்குக் கணுக்காலில் கைக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். 0.9க்குக் கீழே போனாலே, காலுக்கு இறங்கும் தமனியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

அண்ணன் பொதுப்பணித் துறையில் வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்து வாய்க்கால் கரைகளில் காலமெல்லாம் நடந்த கால்கள் அவை. ஓய்வுக்குப் பிறகு நாற்காலியும் டிவியும் என்று ஆகிவிட்டது. சர்க்கரை நோய் வெகுநாளாக உண்டு. பீடியை விட்டது போன தீபாவளிக்குத்தான். இப்போது கடைத்தெருவுக்குப் போனால் பாதி வழியில் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. நின்றால் இரண்டொரு நிமிடத்தில் வலி போய்விடுகிறது. மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடியும் வலி.

மருத்துவர் இதயத்தையும் சோதித்துவிட்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் கொழுப்புக்கு ஸ்டாட்டினும் எழுதினார். பிறகு, "வலிக்கிற வரைக்கும் நடங்க, நில்லுங்க, வலி போனதும் திரும்ப நடங்க" என்றார். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்: "நடந்தா வலிக்குதுன்னுதானே வந்தேன். இவரு நடன்னுல்ல சொல்றாரு. என்னா பாப்பா இது?"

மேல்நிலை வகுப்பில் விலங்கியல் நடத்தியவள் நான். ரத்த ஓட்டப் பாடத்தைப் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடம் இப்போது எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது. அண்ணனுக்குச் சொல்வதையெல்லாம் இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன். இன்னொருவருக்கும் உதவும்.

ஜனவரி 7, செவ்வாய்

எங்கள் காரைக்காலில் அரசலாற்றை ஒட்டிக் கடற்கரைக்குப் போகும் சாலையில் விடிகாலையிலேயே நடை தொடங்கினோம். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் மப்ளர் கட்டியிருந்தார்கள்.

அண்ணனின் முதல் கேள்வியே சரியான கேள்வி. "உடம்புல இருக்கிற ரத்தமே அஞ்சு லிட்டர்தானே? காலு கூடுதலா கேட்டா எங்கேருந்து வரும்?"

சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இறைக்கிறது. அதாவது உடம்பின் ரத்தம் முழுவதும் நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகிறது. நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞன் வேகமாக ஓடினால் இது 20 முதல் 25 லிட்டர் வரை போகும். ரத்தத்தின் அளவு கூடவில்லை. அதே ரத்தம் நிமிடத்துக்கு நாலைந்து முறை சுற்றுகிறது. நாடி வேகமாகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் கூடுகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரைகளை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. திரும்பி வருவது கூடினால்தானே இதயம் கூடுதலாக இறைக்க முடியும்.

அதைவிடப் பெரிய சங்கதி, பங்கீடு மாறுவது. ஓய்வில் இருக்கும்போது தசைகளுக்கு மொத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடப் போவதில்லை. சிறுநீரகம் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே வாங்குகிறது. குடலும் ஈரலும் சேர்ந்து அதைவிட அதிகம் வாங்குகின்றன. கடுமையாக உழைக்கும்போது தசைகளின் பங்கு 80 சதவீதத்துக்கும் மேலே ஏறிவிடும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் சிறுதமனிகளை நரம்புகள் சுருக்கிவிடுகின்றன.

"அப்ப முறை வைக்கிறாப்புல" என்றார் அண்ணன். ஆமாம், அதேதான். காவிரியின் கடைமடையில் வாழ்ந்தவருக்கு இதை வேறு எப்படிச் சொல்வது? தண்ணீர் குறைவு, ஒரு வாய்க்காலின் மதகை இறக்கினால்தான் இன்னொன்றுக்கு ஏறும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வாய்க்காலுக்கு உத்தரவு மேலே இருந்து வரும். உடம்பில், வேலை செய்யும் வயலே தன் மதகைத் திறந்துகொள்கிறது. உழைக்கும் தசையில் ஆக்சிஜன் குறைகிறது. கார்பன் டை ஆக்சைடு, பொட்டாசியம், அடினோசின், அமிலம் ஆகியவை கூடுகின்றன. இவை பக்கத்தில் உள்ள சிறுதமனிகளைத் தளர்த்திவிடுகின்றன. சுருங்கு என்று நரம்பு சொன்னாலும் அந்த இடத்தில் தசையின் தேவைதான் ஜெயிக்கிறது.

இந்தப் பங்கீட்டில் கைவைக்கப்படாதது மூளை. நிமிடத்துக்குச் சுமார் முக்கால் லிட்டர். மற்ற இடங்களில் எவ்வளவு மாறினாலும் கழுத்துத் தமனிகள் அதைக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

ஜனவரி 8, புதன்

கெண்டைக்கால் வலி இன்று நேற்று நின்ற இடத்துக்கு அருகிலேயே வந்தது. நின்றோம், போனது, நடந்தோம். வலி இப்படித் தூரம் பார்த்து வருவது ஏன் என்று அண்ணன் கேட்டார்.

இதற்கு விடை கண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். காரைக்கால் அவர்கள் கையில் இருந்த அதே காலத்தில் அங்கே பாரிஸில் நடந்தது இது. 1831ல் பூலே என்ற கால்நடை மருத்துவர், வண்டிக் குதிரை ஒன்று சற்றுத் தூரம் ஓடியதும் பின்னங்கால் இழுத்து நொண்டுவதையும், நின்றால் சரியாகிவிடுவதையும் கவனித்தார். அதன் தொடைத் தமனி அடைபட்டிருந்தது. 1858ல் ஷார்கோ என்ற மருத்துவர், முன்பு குண்டடி பட்ட ஒரு மனிதருக்கும் இதே தொல்லை இருப்பதைக் கண்டு எழுதினார். அவருக்கும் காலுக்குப் போகும் தமனியில்தான் அடைப்பு. 1887ல் ஷோவோ, காஃப்மன் என்ற இருவர், குதிரை இரை மெல்லும்போது உதட்டுத் தசைக்குப் போகும் ரத்தம் பல மடங்கு கூடுவதை அளந்தே காட்டினார்கள். உழைக்கும் தசை எவ்வளவு கேட்கும் என்பது அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது.

எவ்வளவு கேட்கும்? 1985ல் ஆண்டர்சன், சால்டின் என்ற ஆய்வாளர்கள், தொடையின் முன்பக்கத் தசையை மட்டும் இயக்கச் சொல்லி அளந்தார்கள். ஒரு கிலோ தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் 2.5 லிட்டர் வரை ரத்தம் போனது. ஓய்வில் அதே தசைக்குப் போவது சில பத்து மில்லி லிட்டர்தான்.

அண்ணனின் தொல்லையும் இங்கேதான் இருக்கிறது. ஓய்வில் கேட்பது கொஞ்சம். குறுகிய தமனி வழியாகவும் அது வந்துவிடும். நடக்கும்போது தேவை ஏறுகிறது, தமனியால் ஈடுகொடுக்க முடியவில்லை. குறுகுவதன் கணக்கும் கொடியது. குழாயில் ஓடும் திரவத்தின் விதியை 1840களில் வகுத்தவர் புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர். அழுத்தம் மாறாமல் இருந்தால், ஓட்டம் ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. உயிருள்ள தமனி இந்தக் கணக்குக்கு அப்படியே அடங்குவதில்லைதான். ஆனால் சிறு மாற்றம் பெரிய விளைவைத் தருகிறது என்பது உண்மை. அதைத் திருப்பியும் பார்க்கலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். கொஞ்சம் விரிந்தாலும் நிறையக் கிடைக்கும்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று எழுதப் போவதுதான் இந்த நோட்டிலேயே முக்கியமானது.

தமனியை வெறும் குழாய் என்றே நினைக்கிறோம். அது உயிருள்ள உறுப்பு. அதன் உட்புறத்தில் ஒரே அடுக்காகச் செல்கள் பதிந்திருக்கின்றன. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். தன்மேல் உரசிப் போகும் ரத்தத்தின் வேகத்தை இந்தச் செல்கள் உணர்கின்றன. உரசல் கூடினால் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது சுவரில் உள்ள தசையைத் தளர்த்தித் தமனியை விரிக்கிறது. ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதையும் வீக்கம் உண்டாவதையும் தடுக்கிறது.

1980ல் அமெரிக்காவில் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் சோதித்தார். உள்ளடுக்கு சேதமில்லாமல் இருந்த துண்டு, மருந்து பட்டதும் தளர்ந்தது. உள்ளடுக்கு சுரண்டப்பட்ட துண்டு தளரவில்லை. தளரச் செய்யும் பொருள் அந்த அடுக்கிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. அது நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு நிறுவப்பட்டது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதை நடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் சும்மா இருக்கும்போது தொடைத் தமனியில் ரத்தம் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் முன்னே பாய்ந்து, சற்றுப் பின்னே வந்து, மறுபடி முன்னே போகிறது. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே உள்ள வயிற்றுப் பெருந்தமனியிலும் இப்படித்தான். உரசல் குறைந்து முன்னும் பின்னும் அலையும் இடங்களில்தான் கொழுப்புப் படிவு எளிதாகப் பிடிக்கிறது. வயிற்றுப் பெருந்தமனியின் அந்தக் கீழ்ப்பகுதி அதற்குப் பேர்போன இடம். நடக்கத் தொடங்கினால் கால் தசைகளின் சிறுதமனிகள் திறக்கின்றன, கீழே எதிர்ப்பு குறைகிறது, பின்னோக்கிய ஓட்டம் மறைந்துவிடுகிறது. ரத்தம் முன்னோக்கியே வேகமாக ஓடி, சுவர் முழுவதையும் உரசிச் செல்கிறது. நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. நடை என்பது தமனியின் உட்சுவருக்கு நேரே கொடுக்கும் மருந்து.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர்களின் தொடைத் தமனி சில வாரங்களிலேயே குறுகிவிடுகிறது. சில மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாலே முழங்காலுக்குப் பின்னே உள்ள தமனி விரியும் திறன் தற்காலிகமாகக் குறைகிறது. இடையிடையே எழுந்து ஐந்து பத்து நிமிடம் நடந்தால் அது தவிர்க்கப்படுகிறது.

மாலையில் அண்ணியிடம் சொல்லி டிவிக்கு முன்னால் இருந்த சாய்வு நாற்காலியை எடுக்கச் சொன்னேன். "நீ சொன்னா கேப்பாரு, நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்றார் அண்ணி. நாற்காலி மாடிக்குப் போய்விட்டது.

ஜனவரி 12, ஞாயிறு

கடற்கரை வரை போனோம். என்னிடம் படித்த பையன் ஒருவன், கிளிஞ்சல்மேட்டுக்காரன், படகில் போகிறவன், எங்களைக் கண்டு வந்தான். "டீச்சர், நாங்கள்லாம் வலை இழுக்கிறோமே, எங்களுக்கு எதுக்கு நடை?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி தம்பி என்று சொல்லி, மணலில் உட்காராமல் நின்றபடியே பதில் சொன்னேன். தசை விட்டுவிட்டுச் சுருங்கும் வேலை வேறு. இறுகப் பிடித்தபடி நிற்கும் வேலை வேறு. நடக்கும்போது தசை சுருங்குகிறது, தளர்கிறது. தளரும் கணத்தில் ரத்தம் உள்ளே பாய்கிறது. பெரிய பாரத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கும்போது இறுகிய தசையே தன் தமனிகளை நசுக்குகிறது. ரத்த அழுத்தமோ எங்கோ ஏறிவிடும். 1985ல் கனடாவில் மக்டூகல் குழுவினர், கட்டுமஸ்தான இளைஞர்கள் இரண்டு கால்களாலும் பாரம் தள்ளும்போது தமனிக்குள்ளேயே அழுத்தத்தை அளந்தார்கள். சராசரியே 320க்கு 250 வரை போயிருந்தது. ஆரோக்கியமான இளைஞன் அதைத் தாங்குவான். அழுத்தம் உள்ள அறுபது வயதுக்காரருக்கு அது ஆபத்து. இழுக்கும்போது மூச்சை விட்டபடி இழு, கரைக்கு வந்தால் நட என்று சொன்னேன்.

அவன் அண்ணனைப் பார்த்து, "மணல்ல நடங்க பெரியப்பா, நல்லா ஏறும்" என்றான். மணலில் நடக்கக் கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும் என்று அளந்திருக்கிறார்கள். தசை அவ்வளவு அதிகமாக ரத்தம் கேட்கும். ஆரோக்கியமானவருக்கு அது லாபம். அண்ணனுக்கு இப்போது சாலையே போதும். சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு மணலில் இறங்கவே கூடாது. கிளிஞ்சல் கிழித்தாலும் உணர்ச்சி மங்கிய பாதத்துக்குத் தெரியாது. ரத்தம் குறைந்த காலில் புண் ஆறாது. வீடு திரும்பியதும் அண்ணி அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, விரல் இடுக்குகளைத் துடைத்துவிட்டார். இதுவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

ஜனவரி 14, செவ்வாய் – பொங்கல்

சர்க்கரைப் பொங்கலை அண்ணனுக்கு ஒரே ஒரு கரண்டி வைத்தார் அண்ணி. சாப்பிட்டதும் "இப்பவே ஒரு நடை போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பியவரை நிறுத்தினேன்.

வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு குடலுக்கு ரத்தம் கூடுதலாகப் போகும். அப்போதே வேகமாக நடந்தால் குடலும் காலும் ஒரே நேரத்தில் கேட்கும், இதயத்துக்குச் சுமை. இதயம் தனக்கும் ரத்தம் எடுத்துக்கொள்ள வேண்டுமே. ஓய்வில் இதயத் தமனிகளில் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் ஓடுகிறது. கடும் உழைப்பில் நாலைந்து மடங்கு ஆகும். மற்ற தசைகள், வரும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைக் கூடுதலாக உறிஞ்சிக்கொண்டு சமாளிக்கும். இதயத் தசை ஓய்விலேயே பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால் அதற்கு ஒரே வழிதான் உண்டு, ஓட்டத்தைக் கூட்டுவது. இடது இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் பாய்வது அது தளரும் நேரத்தில். நாடி வேகமாகும்போது அந்தத் தளரும் நேரம் சுருங்கிவிடும். இதயத் தமனி குறுகியிருந்தால் நெஞ்சு இறுக்கமாக வெளிப்படுவது இதனால்தான். காலில் அடைப்பு உள்ள பலருக்கு இதயத்திலும் இருக்கும். அண்ணனின் மருத்துவர் முதலில் இதயத்தைச் சோதித்ததற்குக் காரணமும் அதுவே.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் மெதுவாக உலாவுவதில் தப்பில்லை. சர்க்கரை குறையவும் அது உதவும். வேக நடையை மாலைக்கு வைத்துக்கொண்டோம்.

ஜனவரி 16, வியாழன் – காணும் பொங்கல்

கடற்கரையில் இன்று கால் வைக்க இடமில்லை. குடும்பம் குடும்பமாக வந்து, புளிச்சோற்றை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். பெரியவர்கள் வந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அவர்களைப் பார்த்ததும் 2023ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின் எண் நினைவுக்கு வந்தது. நாட்டில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. நாலில் ஒருவர்! சர்க்கரை எண்டோதீலியத்தைக் கெடுக்கிறது, தமனியை இறுக்குகிறது. சென்னையில் நடந்த ஆய்வு ஒன்றில் கால் தமனி நோய், சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும் இல்லாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் இருந்தது.

அதே சென்னை ஆய்வில் மனத்துக்கு நிறைவு தரும் ஒரு பகுதியும் உண்டு. மருத்துவர் வி. மோகன் குழுவினர் திருமங்கலத்தில் ஒரு குடியிருப்பு மக்களிடம் உடற்பயிற்சியின் அவசியத்தை எடுத்துச் சொன்னார்கள். மக்கள் தங்கள் பணத்தைப் போட்டுத் தாங்களே ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். முன்பு 14.2 சதவீதம் பேர் உடற்பயிற்சி செய்த இடத்தில், சில ஆண்டுகளில் 58.7 சதவீதம் பேர் செய்தார்கள். அறிவுரை மட்டும் இருந்தால் போதாது, நடக்க இடமும் வேண்டும் என்பதற்கு நம் ஊர்ச் சான்று இது. நமக்குக் கடலும் ஆற்றங்கரையும் இருக்கின்றன.

வேலையிலேயே நடை இருந்தால் என்ன நடக்கும் என்பதை 1953ல் ஜெரி மாரிஸ் லண்டனில் காட்டினார். மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. அண்ணனின் வாய்க்கால் கரை நடையும் அந்த நாளில் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

அண்ணியும் நடைக்கு வருகிறார். அவருக்குக் கால் வலி இல்லை. ரத்த அழுத்தம் உண்டு. "நடந்தா பிரஷர் ஏறும்னு சொல்றாங்களே" என்று பயந்திருந்தார்.

நடக்கும்போது மேல் எண் ஏறத்தான் செய்யும். கீழ் எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும், சிலருக்குக் குறையும். கால் தசைகளின் சிறுதமனிகள் திறந்துகொள்வதே அதற்குக் காரணம். நடந்து முடித்த பிறகு அழுத்தம் முன்பிருந்ததைவிடக் கீழே இறங்கிச் சில மணி நேரம் அப்படியே நிற்கும். நாள்தோறும் நடந்தால் அந்த இறக்கம் நிலைக்கத் தொடங்கும். ஆனால் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னேன்.

வயதாக ஆகப் பெருந்தமனியும் கழுத்துத் தமனியும் விறைத்துப்போகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் விரிந்து கொடுத்துப் பிறகு சுருங்கி ரத்தத்தைத் தொடர்ந்து அனுப்பும் குணம் குறைகிறது. மேல் எண் ஏறுவதற்கு இது ஒரு காரணம். 2000ல் தனாகா குழுவினர், உடற்பயிற்சியே செய்யாத நடுவயது ஆண்களை மூன்று மாதம் பெரும்பாலும் நடக்கவே வைத்தார்கள். அவர்களின் கழுத்துத் தமனி விரிந்து கொடுக்கும் திறன், பல ஆண்டுகளாகப் பயிற்சி செய்து வந்த அதே வயதினரின் அளவுக்கு மீண்டது. இதைக் கேட்டதும் அண்ணி, "அப்ப நேரம் போயிடல" என்றார். போகவில்லை.

மார்ச் 24, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. ஏழரை மணிக்கே கடற்காற்றில் உப்பும் புழுக்கமும். நடை நேரத்தை இன்னும் முன்னே நகர்த்தினோம்.

உடம்பு சூடேறினால் ரத்தம் தோலுக்குப் போக வேண்டும். அங்கேதான் சூடு வெளியேறும். கடும் வெப்பத்தில் தோலுக்கு மட்டும் நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் வரை போகக்கூடும். தசையும் கேட்கிறது, தோலும் கேட்கிறது. வியர்வையில் நீர் குறைவதால் ரத்தத்தின் அளவும் சுருங்குகிறது. அதே வேக நடைக்கு நாடி கூடுதலாக அடிக்கும். நம் கடற்கரையில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராமல் வழியும். வழியும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கத்திரி வெயில் வரும் முன்பே பழகிக்கொள்ள வேண்டும்: விடிவதற்கு முன் நடை, தண்ணீர் பாட்டில் கையில், தலைசுற்றினால் உடனே நிழல்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று மறுபடி கணுக்காலில் அளந்தார்கள். விகிதம் 0.7ஐ ஒட்டியேதான் இருக்கிறது. அண்ணன் முகம் வாடியது. "இவ்வளவு நடந்தும் அப்படியேவா?"

மருத்துவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "எவ்வளவு தூரம் நிக்காம நடக்கறீங்க?" கலங்கரை விளக்கம் வரைக்கும் என்றார் அண்ணன். ஜனவரியில் கடைத்தெருவுக்கே நிற்காமல் போக முடியாதவர்.

விகிதம் மாறாமலே தூரம் கூடுவது பலருக்கும் நடப்பதுதான். பெரிய தமனியின் அடைப்பு கரைந்துவிடவில்லை. எண்டோதீலியம் தேறுகிறது. தசைக்குள் தந்துகிகள் பெருகுகின்றன. தசைச் செல்கள், கிடைக்கும் ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றன. அடைப்பைச் சுற்றிப் போகும் கிளைத் தமனிகளும் சிலருக்கு வளர்கின்றன. 1966லேயே டென்மார்க்கில் லார்சன், லாசன் இருவரும் முறையான ஆய்வு செய்து, தினசரிப் பயிற்சி வலியின்றி நடக்கும் தூரத்தைக் கூட்டுகிறது என்று காட்டினார்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2012 முதல், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மூன்று மாதம் மேற்பார்வையோடு நடக்க வைப்பதை இந்த நோய்க்கு முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. செலவில்லாத சிகிச்சை. ஆனால் நிறுத்தினால் பலனும் போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்தார்.

இந்த நோட்டைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். நடந்தால் வந்து, நின்றால் போகும் கெண்டைக்கால் வலிக்கு "வயசாச்சு" என்று பெயர் வைத்துவிட்டு உட்காராதீர்கள். கணுக்காலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை நெடுநாள் உள்ளவருக்குத் தமனி சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டு அளவு பொய்யாகக் கூடிக் காட்டலாம். அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். பீடி, சிகரெட், புகையிலை எதுவானாலும் இன்றே விடுங்கள். சும்மா இருக்கும்போதே கால் வலித்தாலோ, பாதம் கறுத்தாலோ, புண் ஆறாவிட்டாலோ, நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மற்ற எல்லோரும் நாளைக் காலை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். தமனிக்கு நாம் நம் கையால் செய்யக்கூடிய பெரிய உதவி நடைதான்.